உங்கள் கடைப் பெயரில் போட்டியாளரின் கூகுள் விளம்பரம்: ஆத்திரத்தில் செய்யக்கூடாதவை

சொந்தக் கடையின் பெயரைக் கூகுளில் தேடும்போது முதல் வரியில் எதிர்க்கடைக்காரரின் விளம்பரம் வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தில், பெயரைத் தேடுசொல்லாக, அதாவது யாராவது அதைத் தேடும்போது தன் விளம்பரம் வரும்படி கீவேர்டாக, வாங்குவதே குற்றம் என்று நினைத்து உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதுதான் முதல் தவறு.

அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயருக்கு உரிமையுள்ள டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் இடையிலான வழக்கில், 2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இதை நுட்பமாகப் பிரித்துச் சொன்னது. வணிக முத்திரையை, அதாவது டிரேட்மார்க்கை, கீவேர்டாக்குவது 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைகள் சட்டத்தின் பொருளில் 'பயன்பாடு'தான். ஆனால் வாடிக்கையாளர் குழம்பவோ ஏமாறவோ இடமில்லாதபோது அது மட்டுமே உரிமை மீறல் ஆகிவிடாது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப் என்ற பயண முன்பதிவுத் தளத்தின் வழக்கிலும் அந்த நீதிமன்றம் இதே வழியில் சென்றது.

ஆகவே பார்க்க வேண்டியது விளம்பரத்தின் வாசகத்தை. கோவையில் வெட் கிரைண்டர் விற்கும் ஒருவரின் பெயரைத் தேடும்போது, 'வெட் கிரைண்டர், வீட்டுக்கே டெலிவரி' என்ற தலைப்பின் கீழ் வேறொரு கடை தன் சொந்தப் பெயரோடு வருமானால் அது போட்டி. தலைப்பிலேயே அவர் பெயரைப் போட்டு 'அதிகாரபூர்வ ஷோரூம்' என்று எழுதி, சொடுக்கியதும் வேறு கடையின் தளத்துக்கு அழைத்துச் செல்லுமானால், அதன் மீது நடவடிக்கை எடுக்கலாம். விளம்பரம் எந்த நேரமும் மறையக்கூடும் என்பதால், தேடிய சொல், தேதி, நேரம், ஊர், இறங்கிய பக்கத்தின் முகவரி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் விடுவது பெரிய நஷ்டம். கூகுளின் முத்திரைப் புகார்ப் படிவமும் விளம்பர வாசகத்தைத்தான் ஆராயும், கீவேர்டை அல்ல. அதிலும், உங்கள் பொருளை உண்மையாகவே வாங்கி விற்பவர்களுக்கு விலக்கு உண்டு.

பெயரே பொதுச்சொல்லாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். பாரத் மேட்ரிமோனி என்ற வரன் தேடும் இணையதளத்தை நடத்திய கன்சிம் இன்ஃபோ, மொழிப் பெயரோடு 'மேட்ரிமோனி' சேர்ந்த தன் முத்திரைகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, 2010இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார்; அவை சேவையை விவரிக்கும் சொற்களாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் ஒட்டவைத்துக் கடைக்குப் பெயர் சூட்டுபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரர் உங்கள் பெயரை வாங்கவே இல்லாமலும் இருக்கலாம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் 'வெட் கிரைண்டர்' என்பதை அகலப் பொருத்தத்தில், அதாவது பிராட் மேட்சில், போட்டிருந்தால், தொடர்புள்ள தேடல் என்று கருதிக் கூகுளே அவர் விளம்பரத்தை அங்கே காட்டிவிடும். உங்கள் பெயரை 'நெகட்டிவ் கீவேர்ட்' பட்டியலில், அதாவது தன் விளம்பரம் வரக்கூடாத தேடல்களின் பட்டியலில், சேர்க்கும்படி மரியாதையாக ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பது, என் கணிப்பில், நோட்டீஸைவிட மலிவு.

தினமும் பத்து முறை சொந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பதும், அவர் காசு கரையட்டும் என்று அவர் விளம்பரத்தையே சொடுக்குவதும் வேண்டாத வேலை. போலிச் சொடுக்குகளைக் கண்டறிந்தால் கூகுள் அவற்றுக்குக் கட்டணம் வாங்குவதில்லை; உங்கள் வீண் தேடல்களோ, விளம்பரம் காட்டப்பட்டும் சொடுக்கப்படாமல் போவதால், உங்கள் விளம்பரத்தின் சொடுக்கு விகிதத்தைத்தான் குறைக்கும். கூகுள் ஆட்ஸ் கணக்கிலேயே இருக்கும் முன்னோட்டக் கருவி, எந்த விளம்பரம் வருகிறது என்று பார்க்கப் போதும்.

'என் பெயருக்கு நானே ஏன் பணம் கட்ட வேண்டும்' என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. போட்டியே இல்லாத இடத்தில் அது வீண்செலவுதான். ஆனால் விளம்பர இடத்துக்காகக் கூகுள் நடத்தும் ஏலத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்று காட்டும் 'ஆக்ஷன் இன்சைட்ஸ்' அறிக்கை, நீங்களும் அந்தச் சொல்லுக்கு விளம்பரம் செய்தால்தான் கிடைக்கும். விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கூகுள் இடும் தரப் புள்ளி சொந்தப் பெயருக்குப் பொதுவாக உயர்ந்திருந்து செலவைக் குறைக்குமாதலால், சிறிய தொகையில் துல்லியப் பொருத்தத்தில், அதாவது அந்தப் பெயரையே தேடுபவர்களுக்காக, ஒரு விளம்பரம் ஓட்டினாலே விவரம் தெரிந்துவிடும்.

பழிக்குப் பழியாக எதிர்க்கடையின் பெயரை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. தலைப்பில் கீவேர்ட் தானாகவே வந்து அமரும் வசதியை ஏற்கெனவே போட்டிருந்தால், அவர் பெயர் உங்கள் விளம்பரத்தின் தலைப்பில் ஏறிவிடக்கூடும். அப்போது ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் அவராக இருப்பார்.