வணிக வானொலி நிலையம் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

மலேசியத் தமிழ் ஒலிபரப்பைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அறிவிப்பாளர்களின் பெயர்களையும் ஆண்டு விழாக்களையும் நினைவுகூர்வதோடு நின்றுவிடுகின்றன. வணிக நிலையம் ஒன்றின் வரலாற்றை முறையாக எழுத விரும்புபவர், நேர்காணலுக்குப் புறப்படும் முன்பே, நிலையத்தின் பெயர், உரிமையாளர், அலைவரிசை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ள காலவரிசை அட்டவணை ஒன்றை வரைந்துகொள்ள வேண்டும். இம்மூன்றும் ஒரே நாளில் மாறுவதில்லை. அவற்றைக் கலந்து எழுதுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3 அலைவரிசையில் ஒலிக்கும் தமிழ் வானொலியான ராகாவையே எடுத்துக்கொள்வோம். அதன் வேர் 1994இல் தொடங்கிய ‘டைம் ஹைவே ரேடியோ’ என்ற தனியார் நிலையம். அது அப்போது முழுநேரத் தமிழ் நிலையம் அன்று. அப்பெயரின் முதலெழுத்துகள் ‘டிஎச்ஆர்’ ஆகி, ஆஸ்ட்ரோ ஊடகக் குழுமத்தின்கீழ் ‘டிஎச்ஆர் ராகா’ என்ற தமிழ் நிலையமாக வளர்ந்து, பின்னர் முன்னொட்டும் உதிர்ந்து ‘ராகா’ மட்டும் நின்றது. “தொடக்க நாளிலிருந்தே ராகா கேட்கிறேன்” என்று ஒரு நேயர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. இன்றைய பெயரை அன்றைய நிலையத்துக்குச் சூட்டுகிறார், அவ்வளவுதான். அரசு வானொலிக்கும் இதே நிலைதான். வானொலி 6 என்ற அதன் பெயர் மின்னல் எஃப்எம் என்று மாறியது 2005இல்தான். ஆயினும் 1980களின் மின்னல் நிகழ்ச்சிகளைப் பற்றி நம்மவர்கள் தயக்கமின்றிப் பேசுவார்கள். நேயர் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, அட்டவணையில் அந்தக் காலத்துப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

அடுத்ததாக, நிலையம் பிறந்த ஆண்டுக்கு முந்தைய பின்னணியை ஓரிரு பக்கங்களில் அமைக்க வேண்டும். பினாங்கில் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்று 1934இலேயே இசட்எச்ஜே என்ற அழைப்புக் குறியீட்டுடன் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1949இல் வந்த ரெடிஃபியூஷன், வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்குக் கம்பி வழியாக ஒலியைக் கொண்டுவந்து மாதச் சந்தா வாங்கியது. 1988இல் ஒலிபரப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஜொகூரில் பெஸ்ட் 104 என்ற தனியார் வானொலி தொடங்கியது. தனியார்மயக் கொள்கை வேகம் பெற்றிருந்த அந்த ஆண்டுகளை விளக்காமல், 1990களில் வணிக நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்ததன் காரணத்தை வாசகருக்குப் புரியவைக்க முடியாது.

ஆவணத் தேடலைக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்தில் தொடங்கலாம். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனையும், மலேசிய நண்பன், மக்கள் ஓசை ஆகியவற்றின் பழைய இதழ்களையும் கேட்டுப் பாருங்கள். பினாங்கைப் பற்றித் தேடுபவர்கள், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங் கெசட் ஆகிய பழைய ஆங்கில நாளேடுகளை இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். செய்திப் பக்கங்களைவிட விளம்பரப் பக்கங்களில் அதிக நேரம் செலவிடுங்கள் என்பது என் பரிந்துரை. வணிக நிலையம் விளம்பரத்தால் வாழ்வது. தீபாவளி மலர்களிலும் ஆண்டுவிழா இணைப்புகளிலும் வரும் வாழ்த்து விளம்பரங்களே அதற்குச் சோறு போட்டவர்கள் யார் என்று காட்டும். மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளும், பினாங்கு லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளும், மசாலைப்பொடி நிறுவனங்களும் எந்த ஆண்டில் தோன்றி எந்த ஆண்டில் மறைகின்றன என்று பட்டியலிட்டால், எந்தச் செய்தியறிக்கையும் சொல்லாத பொருளாதாரக் கதை ஒன்று கிடைக்கும். நிகழ்ச்சி நிரல் அச்சாகியிருந்தால் அதையும் முழுமையாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

உரிம விவரங்களில் அதிகச் சிக்கல் இல்லை. 1999 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்களை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பதிவேட்டில் காணலாம். இயக்குநர்கள், பங்குதாரர்கள் பற்றிய தகவலை மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம்.

நேர்காணலில் அறிவிப்பாளர்களோடு நின்றுவிடாமல், விளம்பர நேரம் விற்றவர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். மூத்தவர்களிடம் “எந்த ஆண்டு, ஐயா?” என்று நேரடியாகக் கேட்டால், தவறான ஆண்டொன்று உறுதியான குரலில் வரும். அதற்குப் பதிலாக, அப்போது எங்கே குடியிருந்தார்கள், பினாங்குப் பாலம் திறந்துவிட்டதா, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் திறக்கப்பட்டிருந்ததா என்று கேளுங்கள். பாலம் 1985இலும் கோபுரம் 1999இலும் திறக்கப்பட்டவை என்பதால் நினைவைக் காலத்தோடு பொருத்துவது எளிது. ஒலிப்பதிவு செய்யவும் வெளியிடவும் எழுத்தில் ஒப்புதல் பெறுவதை முதல் சந்திப்பிலேயே முடித்துவிடுங்கள். இரண்டாம் சந்திப்பு என்று ஒன்று வாய்க்காமலே போகலாம்.

நேயர்கள் வீட்டில் பதிந்துவைத்த கேசட்டுகளே மிக அரிய சான்றுகள். பூஞ்சை படிந்த நாடாவை உடனே ஓடவிடக் கூடாது. மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பிறகு ஒலி மங்கலாக இருந்தால் கருவியில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியின் சாய்வைச் சரிசெய்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேவ் (WAV) ஒலிக்கோப்பாக மாற்றுங்கள். பாடல்களுக்கு இடையே வரும் விளம்பரங்களை வெட்டிவிடாதீர்கள், ஏனெனில் காலத்தைக் கணிக்க உதவுபவை அவையே. பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பம் எனக்குத் தந்த கேசட்டின் மேல் ‘1988’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நானும் அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றினேன். சில வாரங்கள் கழித்து மீண்டும் கேட்டபோது, கோலாலம்பூர்க் கடையொன்றின் விளம்பரத்தில் 03 என்ற பகுதிக் குறியீட்டுக்குப் பின் 8 இலக்கத் தொலைபேசி எண் ஒலித்தது. அந்த எண்கள் 7 இலக்கத்திலிருந்து 8 இலக்கமாக மாறியது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். பழைய நாடாவின்மேல் யாரோ பின்னாளில் பதிந்திருக்கிறார்கள். பொருள் சேவை வரியைக் குறிப்பிடும் விளம்பரம் என்றால், அந்தப் பதிவை 2015 ஏப்ரலுக்கும் 2018 நடுப்பகுதிக்கும் இடையில் வைக்கலாம்.

பதிவுகளை வெளியிடும் முன் உரிமையைக் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிபரப்புக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அதிலுள்ள பாடலின் உரிமை வேறொருவருடையது. ஆகவே நூலில் எழுத்துப்படியை மட்டும் சேர்த்து, ஒலியைக் காப்பகத்தில் வைப்பதே பாதுகாப்பானது. கேசட்டைத் திருப்பித் தரும்போது, கோப்பின் ஒரு பிரதியையும் அதில் யார் குரல் எந்த நிமிடத்தில் வருகிறது என்ற பட்டியலையும் அந்தக் குடும்பத்திடம் சேர்த்தே கொடுங்கள். பட்டியலில் விடுபட்ட பெயர்களை அவர்கள் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது வழக்கம்.