டர்பனிலிருந்து சரக்கு அனுப்பும் முன் லாரி நிறுவனத்தைச் சரிபார்ப்பது எப்படி

அமெரிக்காவில் சரக்கு அனுப்பும் வணிகர், லாரி நிறுவனத்தின் பதிவு எண்ணை ‘சேஃபர்’ என்ற அரசுத் தளத்தில் இட்டால் போதும். கடந்த 24 மாதங்களில் அந்நிறுவனத்தின் வண்டிகள் சிக்கிய விபத்துகளையும், சோதனையில் ஓடத் தகுதியற்றவை என்று நிறுத்தப்பட்ட வண்டிகளின் விகிதத்தையும் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களுக்கு அப்படித் திறந்திருக்கும் ஏடு கிடையாது. வண்டிப் பதிவுகள் ‘இ-நாடிஸ்’ என்னும் தேசியக் கணினி முறையில் இருக்கின்றன. ஆனால் ஒரு லாரி நிறுவனத்தின் பாதுகாப்பு வரலாற்றை வெளியார் அதில் தேடிப் படிக்க இயலாது. ஆகவே டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவுக்கும் கேப் டவுனுக்கும் மசாலா மூட்டைகளையும், பித்தளைப் பாத்திரங்களையும், கும்பாபிஷேகத்துக்காகக் கப்பலில் வந்திறங்கிய கற்சிலைகளையும் அனுப்புகிற நம்மவர்கள், நிறுவனத்திடமே தாள்களைக் கேட்டு வாங்கி, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தாள்களிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்பதே முதலும் முக்கியமுமான கேள்வி.

நிறுவனப் பதிவிலிருந்து தொடங்குங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான சிஐபிசியின் இணையத்தளத்தில் பெயரையோ எண்ணையோ இட்டால், நிறுவனம் நடப்பில் உள்ளதா, பதிவு நீக்கும் நடவடிக்கையில் உள்ளதா என்பது தெரியும். பதிவு எண்ணின் முதல் 4 இலக்கங்கள் பதிவான ஆண்டைக் குறிக்கும். கடைசியில் 07 இருந்தால் அது தனியார் நிறுவனம், 23 இருந்தால் சில உறுப்பினர்களே நடத்தும் பழைய வகைச் சிறு நிறுவனமான குளோஸ் கார்ப்பரேஷன். இருபது ஆண்டுகளாகத் தொழிலில் இருப்பதாகச் சொல்பவரின் எண், சென்ற ஆண்டில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். குடும்பத் தொழிலைப் பாகம் பிரித்துப் புதிதாகப் பதிந்திருக்கலாம். நேர்மையானவர் அதைத் தயங்காமல் விளக்குவார்.

அடுத்தது வண்டி. மொத்த எடை வரம்பு 3,500 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிகளுக்கு, 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ‘ஆப்பரேட்டர் கார்டு’ வேண்டும். வண்டியின் சாலைத் தகுதிக்கும் ஓட்டுநருக்கும் சுமைக்கும் சட்டத்தின் முன் பொறுப்பேற்றுக்கொண்டவர் யார் என்பதை அது காட்டுகிறது. லாரி உங்கள் கிடங்கு வாசலுக்கு வந்ததும் முன்கண்ணாடிக்கு அருகே சென்று, கார்டில் உள்ள வண்டி எண் நம்பர் பிளேட்டோடு பொருந்துகிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் வண்டி உரிம வில்லையான லைசன்ஸ் டிஸ்கில் வண்டியின் வெற்று எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றலாம் என்று ஓட்டுநர் எவ்வளவு உறுதி கூறினாலும் இணங்கக் கூடாது. இழுவண்டியோடு டிரெய்லர் இணைந்திருந்தால் டிரெய்லருக்கும் தனி டிஸ்க் உண்டு. பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

இத்தகைய வண்டிகள் ஆண்டுதோறும் சாலைத் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் சான்றிதழ் சோதனை நாளின் நிலையைத்தான் சொல்கிறது. ஆகவே டயர்களைச் சுற்றி வந்து பார்ப்பது வீண்வேலை அன்று. பள்ளம் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் சட்டப்படி ஓடக் கூடாது. டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலையில் டவுன் ஹில்லும் வான் ரீனன் கணவாயும் பிரேக்கைக் கடுமையாகச் சோதிக்கும் இறக்கங்கள். டர்பனை அடுத்த பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013 செப்டம்பரில் ஒரு லாரி மினிபஸ் டாக்சிகள் மீது மோதி 24 பேர் உயிரிழந்ததை இவ்வூரார் மறக்கவில்லை. குறைந்த வாடகை என்பதற்காக யாருடைய வண்டியிலும் சரக்கை ஏற்றிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஓட்டுநரிடம் உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். டிரெய்லர் இழுக்கும் கனரக வண்டிக்கு ‘இசி’ வகை உரிமம் வேண்டும். சரக்கு வண்டி ஓட்டுவதற்கான தொழில்முறை அனுமதியின் வகையும் முடிவுத் தேதியும் அதே அட்டையில் இருக்கும். சரக்குக்கு ஜி, அபாயகரமான பொருட்களுக்கு டி என்பது வகை. அனுமதி 24 மாதங்களே செல்லும் என்பதால், உரிமம் செல்லுபடியாக இருக்கும்போதே இது காலாவதியாகிவிடுவது உண்டு.

காலாவதியான அனுமதியோடு ஓட்டுபவர் விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே போதும். வழியில் இருக்கும் சரக்குக்கான ‘குட்ஸ் இன் டிரான்சிட்’ காப்பீட்டுச் சான்றிதழை மின்னஞ்சலில் பெற்றதோடு நிறுத்திவிடாமல், காப்பீட்டு முகவரை நேரடியாக அழைத்து, தவணை கட்டப்பட்டிருக்கிறதா, ஒரு வண்டிக்கான உச்சவரம்பு எவ்வளவு, கொள்ளைக்கும் வழியில் இரவு நிறுத்தத்துக்கும் என்ன நிபந்தனை, துணை ஒப்பந்தக்காரரின் வண்டிக்கும் காப்பு உண்டா என்று கேளுங்கள். 8 லட்சம் ராண்ட் பெறும் சரக்கை 5 லட்சம் வரம்புள்ள பாலிசியை நம்பி அனுப்பினால் மிச்சம் உங்கள் தலையில்தான் விழும். கலவரச் சேதத்தைச் சாதாரணப் பாலிசிகள் ஏற்பதில்லை. அதற்கு அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பு தனியாக இருக்க வேண்டும். 2021 ஜூலையில் மூய் ரிவர் பகுதியில் என்3 சாலையில் லாரிகள் எரிக்கப்பட்ட பிறகு, இதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதிக் கேட்பதே அறிவுடைமை.

நிறுவனத்தின் தரத்தை இன்னும் ஆழமாக அறிய விரும்பினால், ஆர்டிஎம்எஸ் எனப்படும் சாலைப் போக்குவரத்து மேலாண்மை முறையின் சான்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். மரம் ஏற்றும் தொழிலில் தொடங்கிக் கரும்புத் தொழிலுக்கும் பரவிய இந்தத் தன்னார்வ முறையில், சுமைக் கட்டுப்பாடு, ஓட்டுநர் உடல்நலம், வண்டிப் பராமரிப்பு ஆகியவற்றை வெளித் தணிக்கையாளர்கள் ஆய்வு செய்கிறார்கள். சான்று இல்லாத சிறு நிறுவனங்களிலும் நல்லவை பல உண்டு. அவர்களிடம் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாட்ஸாப் குழுவில் மலிவு வாடகையோடு வருபவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நற்பெயருள்ள நிறுவனத்தின் தாள்களை நகலெடுத்து, தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் மட்டும் மாற்றி அனுப்பும் மோசடி நடக்கிறது. தாளில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடிக் கண்ட எண்ணில் அலுவலகத்தை அழையுங்கள். கணக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறதா என்று உங்கள் வங்கி மூலம் சரிபாருங்கள். ஒப்பந்தம் செய்த நிறுவனத்தின் பெயர் ஒன்றாகவும், வாசலில் நிற்கும் லாரியின் கார்டில் உள்ள பெயர் வேறாகவும் இருந்தால், எழுத்து மூலம் விளக்கம் வரும் வரை ஏற்றாதீர்கள்.

எல்லாம் பொருந்தினால், ஆப்பரேட்டர் கார்டு, இரண்டு டிஸ்க்குகள், ஓட்டுநர் அட்டை, பூட்டிய கதவின் சீல் எண் ஆகியவற்றைப் படமெடுத்துச் சரக்கு ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஓட்டுநரின் அட்டை தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அந்தப் படத்தை எந்தக் குழுவிலும் பகிராமல், சரக்கு சேர்ந்து கணக்கு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.