வளையல் தங்கமில்லை என்பதை எப்படிச் சொல்வது

கும்பகோணம் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் 26 ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருந்தேன். தங்கத்தைக் கல்லில் உரைத்துப் பார்க்க அப்பா கற்றுக்கொடுத்தார், அவர் நகை செய்யும் பத்தர். உரைத்துத் தெரிந்ததை எதிரே நிற்பவரிடம் எப்படிச் சொல்வது என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பொய் சொல்லி, அது திரும்பி வந்து அடித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். சொல்வதா மறைப்பதா என்று தூக்கமில்லாமல் புரள்கிறவர்களுக்கு என் வழி உதவக்கூடும்.

ஓர் ஆடி மாதம். மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காக ஓர் அம்மா நான்கு வளையல்களைக் கொண்டுவந்தார். மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் போட்ட சீர். அந்தத் தாய்மாமனே துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று வளையல்கள் 12 கிராமை ஒட்டி நின்றன. நான்காவது, அதே அச்சு, அதே பருமன், 7 கிராம்கூட வரவில்லை. விளிம்பில் அழுத்தி உரைத்தேன். கல்லில் விழுந்த கோடு சிவந்திருந்தது. ஒரு சொட்டு அமிலம் வைத்ததும் பச்சையாகப் பொங்கிக் கரைந்து போயிற்று. தங்கக் கோடு அப்படிப் போகாது. இது செம்பின் மேல் முலாம்.

“என்ன ஐயா?” என்றார் அந்த அம்மா. பெஞ்சைப் பார்த்தேன். “இதில் விரிசல் இருக்கிறது அம்மா, வங்கியில் எடுக்க மாட்டார்கள். மற்ற மூன்றுக்குப் போட்டுத் தருகிறேன்” என்றேன். போலி நகை வந்தால் மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கிளை விதி. அதையும் விழுங்கிவிட்டேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி வந்தார், தனியாக. அவசரச் செலவுக்கு அந்த வளையலை வேறு ஊர் அடகுக் கடையில் வைக்கப் போயிருக்கிறார். ஏமாற்ற வந்தவள் என்று நாலு பேர் முன்னால் பேசி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உங்களுக்கு அன்றே தெரியுமா?”

இனி வழிக்கு வருகிறேன். முதலில் ஒரு தாளை எடுத்து, தெரிந்ததை ஒரு பக்கமும் ஊகித்ததை மறுபக்கமும் எழுதுங்கள். வளையல் செம்பு என்பது எனக்குத் தெரிந்தது. தாய்மாமன் ஏமாற்றினார் என்பது வெறும் ஊகம். கடைக்காரர் அவரை ஏமாற்றியிருக்கலாம். இடையில் வேறு யாராவது மாற்றி வைத்திருக்கலாம். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, விசாரணையே இல்லாமல் அவரைத் திருடனாக்கிவிட்டுத்தான் நான் பொய் சொன்னேன். கட்டுப்பாடிழந்த டிராம் வண்டியை ஐந்து பேர் மேல் விடுவதா, ஒருவர் மேல் திருப்புவதா என்றொரு புதிர் உண்டு. 1967-ல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி எழுதியது. அறநெறி வகுப்புகளில் இன்றும் அதை எடுப்பதுண்டு. எனக்கு அதன்மேல் அவ்வளவு பிரியமில்லை. அதில் யார் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நம் பாடு அப்படியா? பாதிக்கு மேல் இருட்டு.

அடுத்து, இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுங்கள். இந்த வரியை எழுதத்தான் கை கூசும். எனக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு நகைக் கடனுக்கும் இவ்வளவு என்று கூலி. பேச்சு வளர்ந்து மூன்று வளையல்களும் திரும்பிப் போயிருந்தால் அதுவும் போயிருக்கும். வரிசையில் இன்னும் ஒன்பது பேர். அழுகைச் சத்தம் எனக்கு ஆகாது. இரக்கம் என்று நான் பெயர் வைத்ததில் இவ்வளவும் கலந்திருந்தன. தங்கத்தின் தரத்தை மாற்று என்போம். என்னுடையது மாற்று குறைந்த இரக்கம்.

இதற்குப் பிறகுதான் கொள்கைகள் பக்கம் போக வேண்டும். விளைவைக் கணக்கிடச் சொன்னவர்கள் பெந்தம், மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதிகள். எல்லோருக்கும் சேர்த்து எது கூடுதல் நன்மை தருமோ அதுவே சரி என்பார்கள். நல்ல கணக்குதான், நாம் அதைப் போடும் விதம்தான் தப்பு. அறைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறோம், அன்று சாயங்காலம் வரை மட்டும் எண்ணுகிறோம். நான் எண்ணியது மூன்று பேரை. அந்த அடகுக் கடை வாசல் என் கணக்கில் இல்லவே இல்லை.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். 1785-ல் அவர் வைத்த சோதனை இது: நீ நடக்கும் விதியை எல்லோருக்கும் பொதுவான விதியாக்க உன் மனம் ஒப்புமா? மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் இரக்கப்பட்டுப் பொய் சொன்னால் எங்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு? நான் சொன்ன பொய்யே செல்லுபடியாகாது. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றும் அவர் சொன்னார். அது இன்னும் ஆழமாகத் தைத்தது. அந்த அம்மா தன் தம்பியைக் கேட்பதா, மன்னிப்பதா, வளையலைக் காவிரியில் எறிவதா என்பதெல்லாம் அவர் முடிவு. அதை அவரிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன். ஆனால் 1797-ல் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளருக்கு மறுப்பு எழுதியபோது, நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் கேட்டாலும் பொய் கூடாது என்று கான்ட் சாதித்தார். அந்த அளவுக்கு என்னால் அவரோடு போக முடியவில்லை.

வள்ளுவர் அங்கே வழி விடுகிறார். “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.” அன்று இந்தக் குறளைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், அதுவும் ஒரு சொல்லை விட்டுவிட்டு. ‘நன்மை’ மட்டும் காதில் நின்றது. ‘புரைதீர்ந்த’ என்று முன்னால் கட்டிவைத்திருக்கிறாரே, குற்றமற்ற நன்மை, அது நழுவிப்போயிற்று. பொய் சொல்ல நினைக்கும்போது அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். கொலைகாரனிடமிருந்து நண்பனை மறைக்கும் பொய் அதில் தேறும். என் விரிசல் பொய் தேறாது.

இந்தச் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக வரும்போது எது திரும்பச் சரிசெய்யக்கூடியது என்று பார்ப்பேன். சொல்லாமல் விட்டதை நாளைக்குச் சொல்லலாம். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க முடியாது. பல சமயம் சிக்கலே உண்மையில் இருக்காது. யாரிடம், எப்போது, எந்தக் குரலில் என்பதில்தான் இருக்கும். அரிஸ்டாட்டில் நற்பண்பு என்று பேசியதில் பெரும்பகுதி இதுதான். கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவே துணிவு இருக்கிறது, பழகப் பழகத்தான் கைவரும் என்றார். கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான் என்பது அவர் காட்டிய உவமை. எனக்குப் புரிவதில் வியப்பில்லை. காசைச் சுண்டி ஓசையில் மாற்றுச் சொல்ல எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

ஆகவே வாக்கியத்தை முன்கூட்டியே பழகி வையுங்கள். என்னுடையது இது: “அம்மா, கொஞ்சம் இப்படி வாருங்கள். இந்த ஒன்று தங்கம் இல்லை, முலாம். எங்கே மாறியது என்று எனக்குத் தெரியாது. மேலாளரிடம் நான் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.” மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், ஊகத்துக்குக் கதவை அடைப்பது அதுதான். காப்பாற்ற முடியாத ரகசியத்தைக் காப்பேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு பெரியவர் சங்கிலி கொண்டுவந்தார். கூடவே மருமகன். மருமகனை விண்ணப்பத் தாள் வாங்கிவர அனுப்பிவிட்டு, பெரியவரை என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அவர் சங்கிலியை இரண்டு முறை கையில் சுற்றினார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிக் கழற்றி, “இதையாவது பாருங்கள் தம்பி” என்று நீட்டினார்.