நூலாசிரியரை வானொலிக்காகப் பேட்டி காண்பது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

வானொலிப் பேட்டியைக் கேட்பவரின் கையில் புத்தகம் இருப்பதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் அவர் பெரும்பாலும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார், அல்லது செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரியை ஆலைக்கு ஓட்டிக்கொண்டிருப்பார். பேட்டி காண்பவர் நூலை முழுவதும் படித்தவராக இருந்து, படிக்காத இவர்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டும். மின்னல் எஃப்எம் போன்ற நிலையத்துக்குப் பதிவு செய்தாலும், நண்பர்கள் நால்வர் நடத்தும் இணைய வானொலிக்குச் செய்தாலும் இதில் மாற்றமில்லை.

‘முழுவதும்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். என் முதல் பேட்டியில், பாதி நாவலையும் அணிந்துரையையும் படித்த துணிச்சலில், கதாநாயகியின் தாய் என்ன ஆனாள் என்று கேட்டுவிட்டேன். அவள் இறந்தது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது என்று எழுத்தாளர் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன பதில்கள் எல்லாம் ஒரே வரியில் முடிந்தன. படிக்கும்போதே பென்சிலால் மூன்று இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உங்களைத் தொட்ட ஒன்று, புரியாத ஒன்று, நம்ப முடியாத ஒன்று. பன்னிரண்டு நிமிடப் பேட்டிக்கு இவை மூன்றே மிகுதி.

“இந்நாவலை எழுத உங்களைத் தூண்டியது எது?” என்ற கேள்விக்கு எழுத்தாளர் நூல் வெளியீட்டு மேடையிலேயே பதிலை மனப்பாடம் செய்து முடித்திருப்பார். அதை விட்டுவிட்டு ஒரு பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாவல் 1948-இல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் எங்கள் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் பேட்டி காண்பவர் இரண்டே வாக்கியங்களில் கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளரிடம் வரலாற்றுப் பாடம் கேட்கக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது இது: “அடுத்த நாள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) வந்து நின்ற ரப்பர்ப் பால்மரத் தொழிலாளி யாருக்குப் பயந்தார், துரைக்கா, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கா? நீங்கள் அந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விட்டது ஏன்?” இப்படிப்பட்ட கேள்விக்குத் தயாரித்த பதில் கிடையாது. அவர் யோசிப்பார், நான்கைந்து நொடிகள் மௌனம் நிலவும். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். நல்ல பதில் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

‘பெரட்டு’, ‘லயம்’ (தொழிலாளர் வரிசை வீடுகள்), ‘கிராணி’ (தோட்டத்து எழுத்தர்) ஆகிய சொற்கள் எங்களுக்கு விளக்கம் வேண்டாதவை. கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்த இளைஞருக்கோ அவை புதியவை. எழுத்தாளரையே பொருள் சொல்லச் செய்யுங்கள், அவ்விளக்கத்தில் ஒரு சிறுகதையே கிடைத்துவிடும். அவருடைய பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம். இடையில் மலாய்ச் சொல் வந்தாலும் அது அவருடைய குரல்தான்.

விமர்சகரிடம் நூல் நன்றாக இருக்கிறதா என்று கேட்பது வீண். எந்தப் பக்கத்தில் தம் முடிவு உறுதிப்பட்டது என்று கேளுங்கள். நமது இலக்கிய உலகம் சிறியது. அணிந்துரை எழுதியவரே விமர்சகராகவும் வந்து அமர்வதுண்டு. அப்படியானால் அதை ஒலிபரப்பிலேயே தெரிவித்துவிடுவது நேர்மை. அடைமொழிகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். “ஐயா” என்று ஒருமுறை அழைத்தால் போதும், பட்டங்களை அடுக்கினால் ஒரு நிமிடம் போய்விடும்.

திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது விருதைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வரும். மலேசியத் திரைப்பட விழாவில் 2016-இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான ‘ஜகாட்’ தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தின் கதை. அத்தகைய படத்தை எடுத்தவரிடம், ஒரு வீட்டின் சுவரையோ ஒரு தெருவின் சத்தத்தையோ எப்படித் தேர்ந்தார் என்று கேட்டால், படம் பார்க்காதவருக்கும் அது கண்ணில் தெரியும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள், படத்தின் ஒலித்துணுக்கைச் சேர்ப்பதற்குத் தயாரிப்பாளரின் அனுமதியைப் பெறுங்கள். நாடகமானால், நடிகரை இரண்டு வசனங்களைப் பேசச் சொல்வது பத்துக் கேள்விகளுக்குச் சமம்.

ஒலிப்பதிவில் எங்கள் ஊரின் முதல் எதிரி மழை. தகரக் கூரையின் மேல் மாலை மழை இறங்கினால் பதிவை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கூரை விசிறியை நிறுத்துங்கள், கோவில் ஒலிபெருக்கி எப்போது தொடங்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, சிமெண்டுத் தரையுள்ள கூடத்தைவிட எதிரொலியைக் குறைக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’கரம் வெடிக்காது. பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது கைகொடுக்கும்.

வெட்டும்போது திக்கலையும் திரும்பச் சொன்னதையும் நீக்கலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. அது அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பதாகும்.

நூலின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, இறுதியில் ஒருமுறை சொல்லுங்கள், ஏனெனில் பாதியில் வானொலியைத் திறப்பவர்கள் பலர். சிற்றூரில் தமிழ் நூல் விற்கும் கடையைத் தேடுவதே ஒரு வேலை என்பதால், அந்நூல் எங்கே கிடைக்கும், எத்தனை ரிங்கிட் என்பதையும் எழுத்தாளரிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.