எரிசக்தி ஆன்டாலஜி: சூடேற்றலையும் குளிர்வித்தலையும் வரையறுப்பது எப்படி?

"குளிரூட்டல்" என்று ஒருவர் ஏசியைச் சொல்கிறார். இன்னொருவர் அது இழுக்கும் மின்சாரத்தைச் சொல்கிறார். இவர்கள் இருவரின் தரவையும் ஒன்றாகச் சேர்த்தால் கணக்கு உதைக்கும். சொல்லுக்கு ஒரே பொருளை முடிவு செய்து, கணினிக்கும் புரியும்படி எழுதி வைப்பதுதான் ஆன்டாலஜி. இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான புரொட்டேஜே போதும்.

முதலில் 'பொருள்', 'நிகழ்வு' என்று இரண்டு கிளாஸ் (ஒரே வகையானவற்றின் தொகுப்பு) போடுங்கள். மே மாத மதியம் வேளச்சேரியில் கரண்ட் போனால் ஏசி சுவரிலேயே இருக்கும், குளிர்வித்தல் மட்டும் நின்றுவிடும். ஆக ஏசி ஒரு பொருள், குளிர்வித்தல் ஒரு நிகழ்வு. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பிறகு நிகழ்வின் கீழ் 'வெப்பமாற்றம்', பொருளின் கீழ் 'அறை', 'மீன்', 'ஐஸ்' சேருங்கள். தமிழ்ப் பெயரே வைக்கலாம்.

அடுத்தது வரையறை. இதில் அவசரப்படாதீர்கள். விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்தில், பெட்டியில் வஞ்சிரத்தை அடுக்கி உடைத்த ஐஸை அள்ளிப் போடுவார்கள். வெப்பம் மீனிலிருந்து ஐஸுக்குப் போகிறது. மீன் குளிர்கிறது. ஐஸ் உருகுகிறது, ஆனால் உருகி முடியும்வரை 0 டிகிரியிலேயே நிற்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக சுமார் 334 கிலோஜூல் வேண்டும். அத்தனையையும் வாங்கிக்கொண்டும் தெர்மாமீட்டர் அசையாது. 'வெப்பநிலையை உயர்த்துவது சூடேற்றல்' என்று எழுதினால் இந்த ஐஸுக்கு அதில் இடமில்லை. அதனால் நான் இப்படி எழுதுவேன்: ஒரு பொருளுக்குள் வெப்பம் சேர்கிற வெப்பமாற்றம் சூடேற்றல், ஒரு பொருளிலிருந்து வெப்பம் வெளியேறுகிற வெப்பமாற்றம் குளிர்வித்தல். மின்சாரத்தை இதில் நுழைக்க வேண்டாம். மண்பானைத் தண்ணீர் கரண்ட் இல்லாமலே குளிர்கிறது.

சரி, இன்னொரு சிக்கல். எந்த வெப்பமாற்றத்திலும் கொடுப்பது ஒன்று, வாங்குவது ஒன்று உண்டு. அப்படியானால் எல்லாமே சூடேற்றல், எல்லாமே குளிர்வித்தல் என்றாகிவிடும். எதைக் குளிர்விக்கிறோம் என்று பெயரிலேயே சொல்வதுதான் வழி: 'அறை_குளிர்வித்தல்', 'மீன்_குளிர்வித்தல்', 'ஐஸ்_சூடேற்றல்'.

இதற்கு 'வெப்பம்_இழப்பது', 'வெப்பம்_பெறுவது' என்று இரண்டு ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டி, அதாவது ஒன்றை இன்னொன்றோடு இணைக்கும் உறவு, வேண்டும். இரண்டுக்கும் டொமைன் (உறவு தொடங்கும் கிளாஸ்) 'வெப்பமாற்றம்', ரேஞ்ச் (உறவு போய்ச் சேரும் கிளாஸ்) 'பொருள்'. அப்புறம் 'அறை_குளிர்வித்தல்' கிளாஸில் ஈக்விவலன்ட் டு (இதற்குச் சமமானது) என்பதன் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தி, 'வெப்பம்_இழப்பது' பிராப்பர்ட்டியையும் 'அறை' கிளாஸையும் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டுக்கும் இதே வேலை. ஐஸுக்கு மட்டும் 'வெப்பம்_பெறுவது'. ரீசனரை (எழுதியதிலிருந்து தர்க்கப்படி புதிய முடிவுகளை எடுக்கும் நிரல்) ஓடவிட்டால் மூன்றும் தாமாகவே 'வெப்பமாற்றம்' கீழே போய் உட்காரும். நீங்கள் சொல்லாததை அது கண்டுபிடிப்பதைப் பார்க்கவே தனி சந்தோஷம்!

சூடேற்றலும் குளிர்வித்தலும் எதிரெதிர்தானே என்று அவற்றை டிஸ்ஜாயின்ட் (ஒரே விஷயம் இரண்டிலும் சேர முடியாத கிளாஸ்கள்) ஆக்கிவிடாதீர்கள். மீன் பெட்டியில் நடப்பது ஒரே வெப்பமாற்றம், அது இரண்டு கிளாஸிலும் சேரும். டிஸ்ஜாயின்ட் ஆக்கியிருந்தால் ரீசனர் முரண்பாடு என்று நின்றுவிடும்.

ஏசி கதை வேறு. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்துகொள்வதால், வெளியே அதைவிட அதிகம் கொட்டுகிறது. அளவே வேறு என்பதால் இவை இரண்டு தனி நிகழ்வுகள். 'ஏசி_இயக்கம்' என்று ஒரு நிகழ்வைப் போட்டு, 'அறை_குளிர்வித்தல்', 'வெளிக்காற்று_சூடேற்றல்' இரண்டையும் அதன் பகுதிகளாக இணையுங்கள்.