மட்கும் பைன் கட்டையில் பூஞ்சையும் மாஸும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில், மட்கிக்கொண்டிருக்கும் ஊசியிலை மரக்கட்டைகளில் கலோசெரா விஸ்கோசா என்னும் மஞ்சள் நிற ஜெல்லி பூஞ்சை தாராளமாகக் காணப்படுகிறது. அத்தகைய கட்டைகளிலேயே வளரும் பக்ஸ்பாமியா விரிடிஸ் என்னும் மாஸோ (பூக்காத, பாசி போன்ற சிறு தாவரம்), 1981ஆம் ஆண்டின் வனவுயிர் சட்டத்தால் பிரிட்டனில் பாதுகாக்கப்படும் அரிய இனம்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் செய்யும் பெருந்தவறு, கண்ணுக்குத் தெரிபவற்றை எண்ணி, அதையே உயிரிகளின் எண்ணிக்கையாகக் கொள்வதுதான். மான்கொம்பு போலக் கிளைத்து நிற்கும் மஞ்சள் கனியுடல்கள் (பூஞ்சையின் வித்துகளை உண்டாக்கும் வெளிப்பகுதிகள்) பத்து இருந்தாலும், அவை மரத்துக்குள் பரவிய ஒரே இழைத்தொகுதியிலிருந்து எழுந்தவையாக இருக்கலாம். மாஸிலோ நமக்குத் தெரிவது, குட்டையான காம்பின்மேல் சாய்ந்து நிற்கும், நெல்மணி அளவேயான பச்சைக் கேப்சூல் (வித்துகள் அடங்கிய பை) மட்டுமே. இலைகள் நுண்ணியவை என்பதால், கேப்சூல் தோன்றாத நிலையில் தாவரத்தைக் கண்டறிவதே அரிது. மழை குறைந்த ஆண்டில் கேப்சூல்கள் குறைந்துபோனாலும், புரோட்டோனீமா (வித்திலிருந்து முதலில் வளரும் மெல்லிய பச்சை இழைகள்) கட்டையிலேயே தங்கியிருக்கக்கூடும். எனவே ஓராண்டுக் கணக்கை வைத்து ‘மாஸ் அழிந்துவிட்டது’ என்று எழுதுவது அவசர முடிவாகும்.

பருவத்தையும் கருத வேண்டும். பூஞ்சை செழித்து நிற்கும் இலையுதிர்காலத்தில் கேப்சூல்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். அவை முதிர்வது அடுத்த ஆண்டில்தான். ஒரே நாளில் இரண்டையும் தேடி எடுக்கும் கணக்கு பூஞ்சைக்கே சாதகமாக அமையும்.

கட்டையில் வளர்வதால் மாஸும் மரத்தை உண்கிறது என்று நினைப்பது மற்றொரு பிழை. இலை மிகவும் குறுகியிருப்பதால் இதை மட்குண்ணி (மட்கும் பொருளை உண்டு வாழ்வது) என்று கருதியவர்கள் முன்பே உண்டு. ஆனால் புரோட்டோனீமாவும் கேப்சூலும் பச்சையம் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்பவை. மரத்தைச் சிதைப்பது பூஞ்சையே. அதற்காக அதை மாஸின் எதிரியாக்கிச் சுரண்டி எடுப்பது நேர்மாறான வேலை: பட்டை உரிந்து, மென்மையாகி, ஈரம் பிடித்துவைக்கும் கட்டைதான் இந்த மாஸுக்கு வேண்டும், அந்நிலையை உருவாக்குபவை மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளே. காட்டைத் ‘துப்புரவு’ செய்கிறோம் என்று விழுந்த மரங்களை அகற்றுவது இரண்டையும் ஒருசேரப் பாதிக்கும்.

அடையாளம் காண்பதற்காகக் கேப்சூலைக் கிள்ளி எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். உரிமமின்றிப் பறிப்பது பிரிட்டனில் குற்றம் என்பதோடு, அதற்குத் தேவையும் இல்லை. முதிர்ந்த கேப்சூலின் மேற்புறத் தோல் வெடித்துச் சுருள்வதைக் கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடியாலேயே பார்த்துவிடலாம்.