பகல் நேர ஆக்சிஜன் அயனியை விண்ணிலிருந்து அளப்பது எப்படி?

நாசாவின் ஐகான் செயற்கைக்கோள் 2019 அக்டோபரில் ஏவப்பட்டது; 2022 நவம்பரில் தொடர்பு அறுந்தது. அதன் தீவிரப் புற ஊதாக் கருவி, பூமியின் விளிம்பை 12 விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்தது. அந்தத் தரவிலிருந்து, மேல் வளிமண்டலத்தில் உள்ள ஆக்சிஜன் அயனிகளின் (எலக்ட்ரானை இழந்த அணுக்களின்) அடர்த்தியைக் கணக்கிடும் முறை இது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள்: 83.4 நானோமீட்டர் அலைநீளத்தில் பளிச்சென்று தெரியும் இடமெல்லாம் அயனி மிகுந்த இடமல்ல. சுமார் 200 கி.மீ.க்குக் கீழே சூரியக் கதிர் ஆக்சிஜன் அணுவின் உள் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அங்கே பிறக்கும் ஒளி மேலே வந்து அயனிகளில் பட்டுப் பலமுறை சிதறுகிறது. பிறந்த ஒளியும் சிதறிய ஒளியும் கலந்தே கருவிக்கு வந்து சேர்கின்றன.

இரண்டையும் பிரிக்கத்தான் 61.7 நானோமீட்டர் கோடு, அதாவது அந்த அலைநீளத்தில் வரும் ஒளி. அதுவும் அதே இடத்தில், அதே வழியில் பிறக்கிறது. ஆனால் அயனிகளில் சிதறுவதில்லை. ஆகவே 61.7-ஐக் கொண்டு கீழுள்ள ஒளிமூலத்தின் வலிமையை முதலில் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். பிறகு, உச்ச அடர்த்தி, அந்த உச்சம் இருக்கும் உயரம், அளவு உயரம் (அடர்த்தி எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் உயரம்) என்ற மூன்று எண்களால் ஆன சாப்மன் வடிவத்தை (உயரத்தோடு அடர்த்தி மாறுவதைக் காட்டும் வளைகோட்டை) எடுத்து, பலமுறைச் சிதறலைக் கணக்கிடும் மாதிரியில் ஓட்டுங்கள். 83.4 பதிவோடு பொருந்தும் வரை எண்களை மாற்றுங்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வழியில் விழுங்கும் ஒளியைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலும் சறுக்குவது அளவுத்திருத்தத்தில், அதாவது கருவியின் உணர்திறனைச் சரிபார்ப்பதில். இரு கோடுகளுக்கும் உள்ள உணர்திறன் விகிதம் சிறிது பிசகினாலும், பிழை அப்படியே அடர்த்தியில் வந்து உட்காரும். சூரியச் செயல்பாடு குறைந்த காலத்தில் அயனிகள் குறைவு, சிதறலும் குறைவு. வெவ்வேறு அடர்த்திகள் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரும். அப்போது அளவு உயரத்தைக் கட்டிப்போட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் தேடுவது நல்லது. இன்னொன்று, 300 கி.மீ. உயரப் புள்ளி கருவியிலிருந்து ஏறத்தாழ 2,000 கி.மீ. தள்ளி இருக்கிறது; அந்த நீளம் முழுக்க அடர்த்தி சீராக இருப்பதாகவே மாதிரி எண்ணிக்கொள்ளும். காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 15 பாகையில் எழும் அடர்த்தி முகடுகளின் அருகே இந்த அனுமானம் பொருந்தாது.

இரவில் வேலை எளிது: அயனியும் எலக்ட்ரானும் இணையும்போது வரும் 135.6 நானோமீட்டர் ஒளி, அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதம்.

கிடைத்த விடையைத் தரையிலுள்ள அயனோசோண்டோடு (வானொலி அலையை மேலே அனுப்பி, அயனிகள் உள்ள அடுக்கிலிருந்து திரும்பும் எதிரொலியை அளக்கும் கருவியோடு) ஒப்பிடுங்கள். அது காட்டும், எதிரொலி திரும்பும் உச்ச அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 12,400-ஆல் பெருக்கினால் கன சென்டிமீட்டருக்கான எலக்ட்ரான் எண்ணிக்கை வரும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 12.4 லட்சம். அடர்த்தி உச்சமாக உள்ள உயரத்தில் எலக்ட்ரானும் ஆக்சிஜன் அயனியும் ஏறத்தாழச் சமம்.